வெளிநாட்டு மாணவர்களுக்கு நம் பகுதியை அறிமுகப்படுத்த எது சரி: வீடியோ காலா, வீடியோவா, கடிதமா, மேப்பா?

வெளிநாட்டில் ஒரு வகுப்பு கிடைத்துவிட்டது. உங்கள் மாணவர்கள் தாங்கள் வாழும் பகுதியை அந்தப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டும், எந்த வழியில் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடிதத்திலோ குரல் பதிவிலோ தொடங்குங்கள், வீடியோ காலைக் கடைசிக்கு வையுங்கள், இசை போட்டு எடிட் செய்த அந்த ஐந்து நிமிட வீடியோவை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். பெரும்பாலும் நடப்பது இதற்குத் தலைகீழ். முதலில் வீடியோ, அப்புறம் ஒரு கால், இரண்டு பக்கமும் கை அசைத்து 'பை' சொல்வார்கள், அதோடு சரி.

ஒவ்வொரு வழியையும் நான் இரண்டே இரண்டு விஷயங்களை வைத்துத்தான் எடை போடுகிறேன். ஒன்று, பள்ளியிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருப்பதை அதில் காட்ட முடிகிறதா. இரண்டு, அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைக்கு ஒரு சந்தேகம் வந்தால் திரும்பக் கேட்க முடிகிறதா, கேட்டால் பதில் வருமா. தொழில்நுட்பம், அழகு, செலவு எல்லாம் இதற்குப் பிறகுதான்.

பத்து நிமிட நடை என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. 'எங்கள் பகுதியைப் பற்றிச் சொல்' என்றால் எந்த நாட்டுப் பிள்ளையும் முதலில் போய் நிற்பது அங்கே பிரபலமாக இருக்கும் கட்டடத்திலோ மலையிலோ அருவியிலோதான். சுற்றுலாத் துறை ஏற்கெனவே செய்துவைத்த வேலை அது. அதன் படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. கூகுள் ஸ்ட்ரீட் வியூ 2007-இலேயே வந்துவிட்டது, செயற்கைக்கோள் படத்தை யாரும் பெரிதாக்கிப் பார்க்கலாம், அதாவது அந்தப் பிள்ளை நினைத்தால் உங்கள் மாணவன் வாய் திறப்பதற்கு முன்பே உங்கள் தெருவின் கூரைகளைப் பார்த்துவிட முடியும். அங்கே தெரியாதது என்ன? மழை பெய்தால் எந்த முனையில் தண்ணீர் நிற்கும், காலையில் முதலில் திறக்கும் கதவு எது, எல்லோரும் சாலையின் ஒரே பக்கமாக ஏன் நடக்கிறார்கள், எந்த வழியாகத் தனியாகப் போகக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் அங்கே வாழ்கிற பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். வழியைத் தேர்ந்தெடுக்கும்போது இவை எதில் தப்பிப் பிழைக்கின்றன என்று பாருங்கள்.

இப்போது வீடியோ கால். இதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் பேசக்கூடாது.

முதல் வகை, ஸ்லைடு போட்டுப் பேசுவது. நான்கு மாணவர்கள் மாறி மாறி வாசிப்பார்கள், மீதிப் பேர் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள், மைக் ஒருமுறையாவது சொதப்பும், கடைசியில் 'கேள்வி இருக்கிறதா' என்று கேட்கும்போது மூன்று நிமிடம்தான் மிச்சம் இருக்கும். ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் அழைப்பு தானாகவே துண்டிக்கப்படும், கூகுள் மீட்டில் மூன்று பேருக்கு மேல் என்றால் 60 நிமிடம். ஸ்லைடை முன்கூட்டியே அனுப்பியிருந்தால் அதே 40 நிமிடமும் பேச்சுக்குக் கிடைத்திருக்கும். நேரலையில் வாசிப்பதால் எதுவும் கூடுவதில்லை.

இரண்டாவது வகை, இடத்தைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. ஸ்கைப் இருந்த காலத்தில் ஆசிரியர்கள் 'மிஸ்டரி ஸ்கைப்' என்று ஆடிக்கொண்டிருந்தது. 2025 மே மாதம் ஸ்கைப்பை மூடிவிட்டார்கள், ஆனால் விளையாட்டுக்கு ஸ்கைப் தேவையில்லை, எந்த வீடியோ காலிலும் ஆடலாம். இரண்டு வகுப்புக்கும் எதிர்ப்பக்கம் எந்த நாடு என்று தெரியாது. ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகளாகக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிறீர்களா, உங்கள் நாட்டுக்குக் கடற்கரை உண்டா, இப்போது உங்களுக்கு மதியம் தாண்டிவிட்டதா. ஐநாவில் 193 நாடுகள் இருக்கின்றன, ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருப்பதைச் சரிபாதியாக வெட்டினால் எட்டுக் கேள்வியில் நாடு கிடைத்துவிட வேண்டும். நிஜத்தில் அப்படி வெட்டுவதில்லை என்பதால் இருபதுக்கும் போகும், அதுதான் சுவாரஸ்யமே. ஒரு குழு அட்லஸ் பார்க்கும், ஒரு குழு கேள்வி தயாரிக்கும், ஒருவர் குறித்துக்கொள்வார், ஆக யாரும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. ஒரே ஒரு வீடியோ காலுக்குத்தான் வாய்ப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத் தேர்ந்தெடுப்பேன். ஆனால் இதில் அறிமுகமாவது நாடுதான். நீங்கள் வாழும் பகுதி அல்ல, தெரு நிச்சயமாக அல்ல. முதல் சந்திப்புக்கு நல்லது, அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

நேரலை என்றாலே நேர வித்தியாசம் வரும், இதைப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். டோக்கியோவுக்கும் சாவ் பாலோவுக்கும் 12 மணி நேரம் வித்தியாசம், டோக்கியோ வகுப்பு காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் சாவ் பாலோவுக்கு முந்தைய நாள் இரவு எட்டு மணி. பள்ளி நேரத்துக்குள் இது நடக்கவே நடக்காது. வீடியோ காலை நம்பித்தான் திட்டம் என்றால் கூட்டாளி வகுப்பைக் கிழக்கு மேற்காகத் தேடாமல் வடக்கு தெற்காகத் தேடுங்கள். ஜெர்மனிக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வராது, கோடையில் அதுவும் இல்லை. ஃபின்லாந்துக்கும் கென்யாவுக்கும் அதே கதைதான். தென்னாப்பிரிக்கா போலத் தெற்கே தள்ளி இருந்தால் பருவம் தலைகீழாக இருக்கும், பேச விஷயமும் தானாகக் கிடைக்கும். ஆனால் விடுமுறையும் தலைகீழாக வரும் என்பதை மறக்காதீர்கள், டிசம்பர் ஜனவரியில் தெற்கு மூடியிருக்கும், ஜூலை ஆகஸ்டில் வடக்கு மூடியிருக்கும். இன்னொன்று, கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும் நாடுகள். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு மாற்றுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு மாற்றுகிறது, நடுவே இரண்டு மூன்று வாரம் வழக்கமான கணக்கு ஒரு மணி நேரம் தவறும், மாற்றமே செய்யாத நாட்டில் இருப்பவர்கள் ஆளில்லாத திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, பதிவு செய்த வீடியோ. நேரப் பிரச்சினை இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம், சப்டைட்டில் போடலாம். இத்தனை நல்ல விஷயம் இருந்தும் நான் இதைக் கீழே தள்ளுவதற்குக் காரணம், வீடியோ என்று வந்ததுமே எல்லோரும் பொருட்காட்சி ஸ்டால் மாதிரி நிற்க ஆரம்பித்துவிடுகிறார்கள். எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறார்கள், நன்றாகப் பேசும் இரண்டு பேர் மட்டும் திரையில் வருகிறார்கள், குப்பைத் தொட்டி ஃபிரேமுக்கு வெளியே தள்ளப்படுகிறது. எடிட் செய்தது பெரும்பாலும் ஒரு பெரியவராகத்தான் இருப்பார். பத்து நிமிட நடைக்குள் இருக்கும் சங்கதி அத்தனையும் இந்த எடிட்டில்தான் செத்துப்போகிறது.

திரும்பக் கேட்பதற்கும் வழி குறைவு. யூடியூபில் சிறுவர்களுக்கானது என்று குறித்து ஏற்றினால் கருத்துப் பகுதி அடைக்கப்பட்டுவிடும், 2020 ஜனவரியிலிருந்து அப்படித்தான். பாதுகாப்புக்காகப் 'பிரைவேட்' என்று வைத்தாலும் கருத்து எழுத முடியாது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரிலிருந்து 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் யூடியூப் கணக்கே வைத்திருக்க முடியாது, பார்க்கலாம், அவ்வளவுதான். சீனாவில் யூடியூபும் கூகுளும் திறக்கவே திறக்காது. எனவே உங்கள் வீடியோவைப் பார்த்து ஒரு சிறுமிக்கு 'பின்னால் நிற்கும் அந்த வண்டி எதற்கு' என்று கேட்கத் தோன்றினால், அந்தக் கேள்வி டீச்சர் வழியாக மெயிலில் சுற்றி வர வேண்டும், பாதி வழியில் மறந்துபோகும். வீடியோதான் எடுப்பேன் என்றால் ஒன்று செய்யுங்கள், ஒரே நீளமான வீடியோவுக்குப் பதிலாக ஆளுக்கு ஒன்றாக 30 வினாடித் துண்டுகள், எடிட் இல்லாமல், ஒவ்வொன்றும் கேட்பவரிடம் ஒரு கேள்வியோடு முடிய வேண்டும்.

அங்கிருந்து குரல் பதிவுக்கு ஒரே எட்டு. ஒரு புகைப்படம், அதோடு ஒரு நிமிடத்துக்கும் குறைவான குரல். பேட்லெட் மாதிரியான இணையப் பலகையில் போடலாம், அதுவும் இல்லையென்றால் இரண்டு ஆசிரியர்களுக்கும் பொதுவான ஒரு கோப்புறை போதும். இது ஏன் எனக்குப் பிடிக்கும் என்றால், முகம் வெளியே போவதில்லை, கூச்சப்படும் பிள்ளையும் பேசுகிறது, பின்னணியில் மணியோசையோ நாய் குரைப்பதோ வண்டிச் சத்தமோ தானாகவே உள்ளே வந்துவிடுகிறது, இடத்தை அந்தச் சத்தம் காட்டுகிற அளவுக்கு ஸ்லைடு காட்டாது. பதிலும் அதே வடிவில் அதே இடத்தில் வரும், ஒரு படத்துக்குக் கீழே நான்கு கேள்வி சேர்ந்துவிட்டால் அடுத்த வாரத்துக்கான வேலை யாரும் திட்டமிடாமலே தயார். இரண்டு பக்கத்துக்கும் பொது மொழி மூன்றாம் மொழியாக இருக்கும்போது ஒரு சிக்கல் வரும், எழுதியதை மொழிபெயர்ப்புக் கருவியில் போடலாம், உச்சரிப்புப் புரியாத குரலை என்ன செய்வது? பேசியதை இரண்டு வரியில் எழுதியும் போடச் சொல்லுங்கள், தீர்ந்தது.

எதிலும் சேராத ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போனில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவாகியிருக்கலாம். கேமரா அமைப்பில் போய் லொக்கேஷனை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் உதிர்ந்துவிடும், 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். தினமும் எந்த நேரத்தில் எந்த வழியாக வீட்டுக்கு நடக்கிறேன் என்பதைப் பிள்ளைகள் உற்சாகத்தில் விவரமாகச் சொல்லிவிடுவார்கள், அதைப் பெரியவர் ஒருவர் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். பெற்றோர் அனுமதிக்கான வயதும் நாட்டுக்கு நாடு மாறும், அமெரிக்கச் சட்டம் 13 என்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் நாட்டைப் பொறுத்து 13 முதல் 16 வரை. உங்களுக்குச் சாதாரணமான ஒரு ஆப் அவர்கள் பள்ளியில் தடை செய்யப்பட்டிருக்கலாம். தேர்வு செய்வதற்கு முன் எதிர்ப்பக்க ஆசிரியரிடம் கேளுங்கள், பின்னால் கேட்டுப் பயனில்லை.

கடிதம் என்றதும் பழசு என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். பழசுதான், நூறு வருடம் ஆகிறது. பிரான்சின் தெற்கே மலையோர ஊர் ஒன்றில் ஆசிரியராக இருந்த செலஸ்தேன் ஃப்ரெனே, 1920களில் வகுப்பறைக்குள் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகளை வெளியே நடக்கக் கூட்டிப்போவார், பார்த்ததை அவர்கள் எழுதுவார்கள், எழுத்துக் கோத்து அவர்களே அச்சடிப்பார்கள். அந்தப் பக்கங்கள் பிரான்சின் வடமேற்கே பிரிட்டனிப் பகுதியில் கடலோரத்தில் இருந்த இன்னொரு வகுப்புக்குத் தபாலில் போயின, அங்கிருந்து பதில் வந்தது. மலையோரப் பிள்ளை சாதாரணம் என்று நினைத்ததெல்லாம் கடலோரப் பிள்ளைக்குப் புதுசு, இந்தப் பக்கமும் அப்படியே. அச்சு இயந்திரத்தை எடுத்துவிட்டு இணையத்தை வைத்துப் பாருங்கள், மற்ற எதையும் மாற்றத் தேவையில்லை.

கடிதத்தின் பலம் அதன் மந்தம். எழுதும்போது யோசிக்க நேரம் கிடைக்கிறது, ஒருவருக்கு ஒருவர் என்பதால் யாரும் பின்வரிசையில் ஒளிய முடியாது, தன் பெயரைப் போட்டு வந்த கேள்விக்குப் பதில் எழுதாமல் இருக்க எந்தப் பிள்ளைக்கும் மனசு வராது. பலவீனமும் அதே மந்தம்தான். வாரக்கணக்கில் ஆகும், சிலது போய்ச் சேராது. அதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் அனுப்பி மறுபக்கம் பதிலுக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் முதல் கடிதத்தைப் போட்டுவிடுங்கள், பாதி நேரம் மிச்சம். தபாலில் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள், தொலைந்தால் அதை அனுப்பலாம்.

பார்சல் அனுப்பலாமா என்று கேட்பார்கள், இலை, கல், டிக்கெட், சின்னப் பொம்மை என்று. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உறைக்குள் காகிதத்தைத் தவிர வேறு பொருள் இருந்தால் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும், சிஎன்22 என்பார்கள். இலை, விதை, மண் போன்றவற்றைப் பல நாடுகள் உள்ளே விடாது. விதிகளும் திடீரென்று மாறும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா சுங்க விதியை மாற்றியபோது பல நாட்டு அஞ்சல் துறைகள் அங்கே பார்சல் அனுப்புவதையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தன. காகிதத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ஒரே விதிவிலக்கு சிறு பிள்ளைகள். பல நாட்டுப் பள்ளிகளை இணைக்கும் ஐஎர்ன் அமைப்பில் 'டெடி பேர்' திட்டம் என்று ஒன்று நடக்கிறது, இரண்டு வகுப்பும் ஆளுக்கொரு பொம்மையை அனுப்பிக்கொள்ளும், வந்த பொம்மை விருந்தாளியாகப் பிள்ளைகளோடு வீடுகளுக்கும் கடைக்கும் போய்வந்து, பார்த்ததைத் தன் சொந்த வகுப்புக்கு எழுதும். எழுதுவது யார் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றும் தெரியாத ஒரு விருந்தாளி தெருவை எப்படிப் பார்ப்பான் என்று ஏழு வயதுப் பிள்ளையை யோசிக்கவைக்க இதைவிடச் சுலபமான தந்திரம் எனக்குத் தெரியாது. இதற்காகச் சுங்கப் படிவம் நிரப்பலாம்.

மேப், பெரிய பிள்ளைகளுக்கு. கூகுள் மை மேப்ஸில் இடங்களைக் குறித்துப் படமும் குறிப்பும் சேர்க்கலாம், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நைட் லேப் உருவாக்கிய ஸ்டோரிமேப்ஜேஎஸ் இலவசம், ஒவ்வொரு இடமாகக் கதை போல நகர்த்திக் காட்டும். ஆனால் திரையில் தொடங்காதீர்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பள்ளியைச் சுற்றிய பகுதியைப் பெரிய தாளில் அச்சடித்து (அதன் பெயரைக் குறிப்பிட்டால் போதும், தாராளமாக அச்சடிக்கலாம்), கையில் பென்சிலோடு நடக்கவிடுங்கள். வரைபடத்தில் இல்லாத சந்து, பெயர் தவறாக இருக்கும் தெரு, எல்லோரும் குறுக்கே போகிற மைதானம், எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பத்து நிமிட நடை என்ற கணக்கில் மேப்பை மிஞ்ச எதுவும் இல்லை. திரும்பக் கேட்பதில் சுமார்தான், குறியீட்டைத் தட்டிப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதனால் சில குறியீடுகளில் விளக்கமே எழுதாமல் படத்தை மட்டும் போட்டு, இது என்னவாக இருக்கும் என்று அவர்களிடம் விட்டுவிடலாம். யார் வீட்டையும் குறிக்க வேண்டாம்.

விஆர் கண்ணாடி, 360 டிகிரிச் சுற்றுலா இதெல்லாம் வேண்டாம். வகுப்பறை விஆர் சுற்றுலாவுக்காகக் கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் என்று பெரிதாகத் தொடங்கினார்கள், 2021 ஜூனில் மூடிவிட்டார்கள், அதை நம்பிப் பாடம் தயாரித்த ஆசிரியர்கள் எத்தனை பேரோ. குழந்தைகளின் குரல்களை ஆடியோ கோப்பாகவும் எழுத்தைத் தாளாகவும் வைத்திருப்பதில் இந்த ஆபத்து இல்லை.

கூட்டாளி வகுப்பு இன்னும் கிடைக்கவில்லை என்றால், ஐஎர்ன் 140க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது, 1988-இல் நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் இணைத்துத் தொடங்கிய வேலை அது. ஐரோப்பியப் பள்ளிகளுக்கு 2005 முதல் இ-ட்வின்னிங் என்ற பள்ளி இணைப்புத் தளம் இருக்கிறது. எங்கே தேடினாலும், உங்கள் முதல் மெயிலில் வயது, மொழி, எத்தனை வாரம், வாரத்தில் எவ்வளவு நேரம் என்ற நான்கையும் எழுதிவிடுங்கள். 'உங்களோடு இணைய ஆவல்' என்று மட்டும் போகிற மெயிலுக்குப் பதில் வருவது அபூர்வம்.

உங்களிடம் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் இடம் கண்டுபிடிக்கும் விளையாட்டு. ஒரு மாதம் இருக்கிறது என்றால் புகைப்படத்தோடு குரல் பதிவு, நான்காவது வாரம் ஒரு வீடியோ கால், அதில் ஸ்லைடு கிடையாது, சேர்ந்துபோன கேள்விகளுக்கு நேரில் பதில் மட்டும். ஒரு பருவம் முழுக்க இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்கு மேல் என்றால் மேப்பும் கடிதமும் சேர்த்து, அதாவது நடந்து குறித்த இடங்களில் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு அதைப் பற்றியே கடிதம். நேர வித்தியாசம் ஆறேழு மணி நேரத்துக்கு மேல் போனால் வீடியோ காலை மறந்துவிடுங்கள், யாரோ ஒரு ஆசிரியர் ராத்திரியில் பள்ளியைத் திறக்க வேண்டிவரும், ஒருமுறை செய்வார், மறுமுறை செய்ய மாட்டார். எதிர்ப்பக்க வகுப்பு பாதியில் காணாமல் போவதும் சகஜம், தேர்வு வந்துவிடும், ஆசிரியர் மாற்றலாகிவிடுவார். அதனால் முடிந்தால் இரண்டு நாடுகளில் இரண்டு வகுப்புகளோடு தொடங்குங்கள், ஒரே படங்களையும் குரல்களையும் இரண்டு பேருக்கும் அனுப்பலாம், கூடுதல் வேலை பதில் எழுதுவதில் மட்டும்தான்.